ஆண்பிள்ளை என்ற சுமை: மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்களின் கேள்விகளுக்கு உளவளத்துணையாளர் ஒருவரின் பதில்கள்

கேள்வி (களுவாஞ்சிக்குடி, தாய் ஒருவர்): எனது மகனுக்கு 13 வயது. அவனுடைய அம்மப்பா காலமான அன்று பிரேதத்தின் அருகில் நின்று அழுதவனை, எனது அண்ணன் "ஆம்பிளைப் பிள்ளை அழுறதா" என்று எல்லோர் முன்னிலையிலும் அதட்டிவிட்டார். அதன் பிறகு அவன் அம்மப்பாவைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டான்.

பதில்: அம்மா, எங்கள் பகுதியில் தாய்மாமனின் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. அதனால்தான் அந்த ஒரு வார்த்தை பிள்ளையை இவ்வளவு தாக்கியிருக்கிறது. அதைச் சரிசெய்வதற்கு மிகவும் பொருத்தமானவரும் அவரே. அண்ணனிடம் தனியாகப் பேசுங்கள். அவர் மகனை அருகில் அழைத்து, தனது தந்தையின் பிரிவு தன்னையும் வருத்துகிறது என்று சொன்னாலே போதும். முப்பத்தோராம் நாள் கிரியையில் பிள்ளைக்கும் ஒரு பொறுப்பைக் கொடுங்கள். பேசும்படி வற்புறுத்த வேண்டாம்.

கேள்வி (கொக்கட்டிச்சோலை, ஓய்வுபெற்ற ஆசிரியர்): போரையும் சுனாமியையும் மனவுறுதியால் கடந்து வந்தவர்கள் நாங்கள். ஆண்பிள்ளைகளை மென்மையாக வளர்த்தால், நாளைக்கு ஒரு கஷ்டம் வரும்போது அவர்கள் உடைந்துபோக மாட்டார்களா?

பதில்: ஐயா, மனவுறுதி வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கணவனை இழந்தும், காணாமல் போன மகனைத் தேடியும், அதே ஆண்டுகளில் குடும்பத்தைத் தாங்கி நின்ற பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். அழுததனால் அவர்களின் உறுதி குறைந்துவிடவில்லை. தாங்கிக்கொள்வது வேறு, மறைத்துக்கொள்வது வேறு. என்னிடம் வரும் ஆண்களில் பெரும்பாலானோர் "மனம் சரியில்லை" என்று சொல்லி வருவதில்லை. நித்திரை இல்லை, நெஞ்சு எரிகிறது, தலையிடி விடுவதில்லை என்று சொல்லித்தான் வருகிறார்கள், அதுவும் கசிப்பு (கள்ளச்சாராயம்) உடலைப் பாதித்த பிறகு. 1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே மிக உயர்ந்த நிலைகளில் ஒன்றாக இருந்த இலங்கையின் தற்கொலை வீதம், கொடிய கிருமிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின்னர் பாதிக்கும் கீழே இறங்கியது. ஆயினும் இன்றும் அவ்வாறு உயிரிழக்கும் ஆண்களின் எண்ணிக்கை பெண்களினதைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம். கடனும் மதுவும் இதற்குக் காரணங்கள்தான். உதவி கேட்பதை இழிவாக எண்ணும் பழக்கத்தையும் அவற்றோடு நான் சேர்ப்பேன்.

கேள்வி (அக்கரைப்பற்று, தற்போது கட்டாரில்): எனக்கு 35 வயது. மூன்று தங்கைமாரில் இருவருக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டேன். மூன்றாவது வீடு கூரை மட்டத்தில் நிற்கிறது. கடன் ஏறிவிட்டது, நித்திரை வருவதில்லை, வீட்டில் சொல்லவும் முடியவில்லை. நாளைக்கு நான் கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போனால் 'வீட்டோடு மாப்பிள்ளை' என்று, கூட வேலை செய்யும் வெளியூர் நண்பர்கள் இப்போதே சிரிக்கிறார்கள்.

பதில்: தம்பி, சிரிப்பவர்களுக்கு எங்கள் ஊர் வழமை தெரியாது. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும், தமிழர்களிடமும் முஸ்லிம்களிடமும், வீடு மகளுக்குச் சீதனமாகப் போவதும் மருமகன் அங்கே வந்து குடியிருப்பதும் தலைமுறை தலைமுறையாக நடந்து வருபவை. குடி என்னும் குலப்பிரிவும் தாய்வழியாகவே வருகிறது. மனைவியின் வீட்டில் வாழ்ந்த ஆண்கள்தான் இங்கே கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர்களாகவும் பெருவயல்காரரான போடிமாராகவும் மதிப்போடு இருந்தார்கள். வீடு தன் பெயரில் இருந்தால்தான் ஆண் என்ற எண்ணம் இந்த மண்ணில் பிறந்ததல்ல. 2004 சுனாமிக்குப் பின்னர் கட்டப்பட்ட வீடுகள் பல இடங்களில் 'குடும்பத் தலைவர்' என்று கணவனின் பெயரில் வழங்கப்பட்டபோது, பெண்களுக்குரிய பழைய உரிமை குலைந்ததையும் நாம் கண்டோம்.

அதே வழமையின் பாரம் உங்களைப் போன்ற அண்ணன்மாரின் தோளில் இறங்குகிறது என்பதையும் நான் மறைக்கப் போவதில்லை. முன்பு வளவும் வயலும் கொடுத்து முடிந்த காரியம், இன்று தட்டு வீடும் தளபாடமும் என்று வளர்ந்துவிட்டது. அதற்கான பணத்தை ஒற்றை ஆள் வெளிநாட்டில் இருந்து அனுப்ப வேண்டும் என்று எந்த முன்னோரும் விதித்து வைக்கவில்லை. கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, சம்பளத்தில் மிஞ்சுவது எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதி, அப்பா, அம்மா, கலியாணம் முடித்த தங்கைமார், மச்சான்மார் எல்லோருக்கும் ஒரே நாளில் தெரியப்படுத்துங்கள். மூன்றாவது வீட்டை இரண்டு அறையோடு நிறுத்துவதா, கட்டட வேலையை ஒரு வருடம் தள்ளிப்போடுவதா என்பதை அவர்களும் சேர்ந்து முடிவு செய்யட்டும். "தங்கச்சிக்கு ஒரு வீடு கட்ட வக்கில்லை" என்று சொல்ல ஊரில் ஆட்கள் இருப்பார்கள். அந்த வட்டியில் ஒரு சதத்தையும் அவர்கள் கட்டப் போவதில்லை. நித்திரையின்மை தொடர்ந்தால் அங்குள்ள வைத்தியரைப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருமுறையேனும் வந்திருந்தால் தயங்காமல் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். நாட்டில் இருப்பவர்கள் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

கேள்வி (வந்தாறுமூலை, மாணவர்): எங்கள் ஊர்க் கூத்தில் எனக்குப் பெண் வேடம் தந்திருக்கிறார்கள். நண்பர்களின் கேலி தாங்க முடியவில்லை.

பதில்: கூத்தின் இரு வகைகளான வடமோடியிலும் தென்மோடியிலும் பெண் பாத்திரங்களை ஆண்களே ஆடி வந்தார்கள். குரலும் தாளக்கட்டும் நளினமும் உள்ளவருக்கே கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் அந்த வேடத்தைக் கொடுப்பார். மகனைப் பறிகொடுத்த அருச்சுனன் வட்டக்களரி என்னும் வட்டமான ஆடுகளத்தில் புலம்பும்போது சுற்றி இருக்கும் ஆண்களும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவனை எவரும் கோழை என்று சொல்வதில்லை. துணிந்து ஆடுங்கள், தம்பி.

கேள்வி (திருக்கோவில், பெண் ஒருவர்): திருமணமாகி ஆறு வருடங்களாகியும் குழந்தை இல்லை. எனக்கு எல்லாப் பரிசோதனைகளும் முடிந்துவிட்டன. கணவரைக் கேட்டால், "என்னுடைய ஆண்மையைச் சந்தேகப்படுகிறாயா" என்று கோபப்படுகிறார்.

பதில்: சகோதரி, குழந்தையின்மையில் ஏறத்தாழ பாதியளவில் ஆணின் பக்கத்துக் காரணமும் இருக்கிறது; ஒரு வருடம் முயன்றும் கருத்தரிக்காவிட்டால் இருவரையும் பரிசோதிப்பதே முறை. தாம்பத்திய உறவில் எந்தக் குறையும் இல்லாத ஒருவருக்கும் விந்தணுக்கள் குறைவாக இருக்கலாம். இரண்டும் வெவ்வேறு விடயங்கள் என்பதை அவருக்கு நீங்கள் சொல்வதை விட ஒரு வைத்தியர் சொல்வது நல்லது. எனவே அடுத்த முறை கிளினிக்குக்கு அவரையும் அழைத்துச் செல்லுங்கள். அவருக்குச் செய்யும் விந்துப் பரிசோதனை ஊசியோ சத்திரசிகிச்சையோ இல்லாத எளிய ஒன்று. அதற்கு முன் 2 முதல் 7 நாட்கள் வரை விந்து வெளியேறுவதைத் தவிர்த்திருந்தால் போதும். விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதங்கள் வரை எடுப்பதால், இடையில் வந்த கடுமையான காய்ச்சல்கூட எண்ணிக்கையைத் தற்காலிகமாகக் குறைத்துவிடும். ஆகவே முதல் அறிக்கை சரியில்லாவிட்டாலும் சில வாரங்கள் கழித்து மீண்டும் செய்துபார்க்கும்படியே வைத்தியர் சொல்வார் என்பதை முன்கூட்டியே அவரிடம் சொல்லி வையுங்கள்.