உடம்புக்குள்ளே ஒரு பிரஷர் மீற்றர்

மருத்துவக் கருவிகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குத் திருகோணமலையிலிருந்து கருவி திருத்துநர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: அப்பாவுக்கு இதயம் பலவீனம். கால் வீங்கி, இரவில் மூச்சு முட்டி, அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். உடம்புக்குள் வைத்துப் பிரஷர் பார்க்கும் கருவி ஒன்று இருக்கிறதாம், அதற்குப் பற்றரியே இல்லையாம் என்று கனடாவில் இருக்கும் தம்பி சொல்கிறான். அது எப்படி ஐயா வேலை செய்யும்?
– வாசகி, திருக்கடலூர்

பதில்: தம்பி சொன்னது உண்மைதான் பிள்ளை. கார்டியோமெம்ஸ் என்ற கருவியைச் சொல்லியிருப்பார். அமெரிக்காவில் 2014இல் அனுமதி கிடைத்தது. சுமார் 15 மில்லிமீற்றர் நீளம், இரு முனையிலும் மெல்லிய கம்பி வளையம். தொடை இடுக்கில் குழாய் விட்டு, இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் நாடியில் கொண்டுபோய் இருத்திவிடுவார்கள். நெஞ்சைத் திறக்கிற வேலை இல்லை.

உள்ளே ஒரு கம்பிச் சுருளும், மின்னைத் தேக்கும் இரு தகடுகள் கொண்ட ஒரு கப்பாசிற்றரும்தான். இரத்தம் அமுக்கும்போது கப்பாசிற்றரின் தகடுகள் கிட்டவாகும், உடனே அந்தச் சுற்றின் அலைவரிசை மாறும். பழைய றேடியோவில் குமிழைத் திருகி நிலையம் பிடிப்பதும் இதே கணக்குத்தான். இங்கே குமிழைத் திருகுவது இரத்தம். நோயாளி தினமும் ஒரு தலையணையில் முதுகை வைத்துப் படுப்பார். தலையணைக்குள் இருக்கும் அன்டெனா றேடியோ அலை அனுப்ப, சுருள் அதிலேயே சக்தி எடுத்துப் பதில் கொடுக்கும். கணக்கு டொக்டருக்குப் போய்விடும்.

கால் வீங்கி, நிறை கூடுவதற்கு வெகு முன்னமே அந்த நாடியில் அமுக்கம் ஏறத் தொடங்கும். அப்போதே டொக்டர் சலம் போகும் குளிசையைக் கூட்டினால் ஆஸ்பத்திரி ஓட்டம் குறையும். 550 நோயாளிகளை வைத்துச் செய்து 2011இல் வெளியான ஆய்வு அதைத்தான் காட்டியது.

விலையான சாமான். நீங்கள் இன்றைக்கே வாங்கக்கூடியது ஒரு நல்ல தராசு. காலையில் சலம் போன பின், சாப்பிடுமுன் அப்பாவின் நிறையைப் பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள். 3 நாளுக்குள் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் கிளினிக் தேதிக்குக் காத்திராமல் காட்டுங்கள். குளிசையை நீங்களாகக் கூட்ட வேண்டாம்.

கேள்வி: றப்பர் மாதிரி வளையும் சென்சர்கள் வந்துவிட்டனவாம். பிறகு ஏன் உடம்புக்குள் கண்ணாடியை வைக்கிறார்கள்?
– உயர்தர மாணவன், பாலையூற்று

பதில்: சரியான இடத்தில் கை வைத்தீர் தம்பி. மேலே சொன்ன கருவிக்கும் வெளியேதான் சிலிக்கோன் போர்வை, அமுக்கத்தை உணரும் உட்பகுதி சிலிக்காக் கண்ணாடி.

வளையும் சென்சரில் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் செனான் பாவோவின் குழு 2010இல் சிலிக்கோன் றப்பரில் கண்ணுக்குத் தெரியாத பிரமிட்டுகளை வார்த்து, ஒரு பூச்சியின் பாரத்தையும் உணர வைத்தது. 2019இல் அவர்களே நாடியைச் சுற்றிக் கட்டும் சென்சர் ஒன்றைச் செய்து எலியில் சோதித்தார்கள். நாடியைத் தைத்த பிறகு இரத்தம் ஒழுங்காக ஓடுகிறதா என்று சொல்லிவிட்டு, அது தானாகக் கரைந்துபோகும்.

உணர்வது பெரிய காரியமில்லை, மாதக் கணக்கில் உண்மை பேசுவதுதான் பெரிய காரியம். என் மேசைக்கு வரும் பிரஷர் மீற்றர்களில் பாதி, காற்றை முழுக்க விட்ட பிறகும் முள் பூச்சியத்துக்கு வராமல் 4இலோ 6இலோ நிற்கும். பாதரசக் கருவியோடு ஒரே குழாயில் பூட்டி, ஒப்பிட்டு, முள்ளைத் திருப்பி வைப்பேன். மூளையின் அமுக்கம் பார்க்க மண்டைக்குள் வைத்த சென்சரை யார் திருப்பி வைப்பது? றப்பர் நெடுநாள் அமுங்கினால் பழைய வடிவத்துக்கு வராது. ஈரம் மெல்ல ஊறும். உடம்பும் அந்நியப் பொருளைச் சுற்றி நார்த் திசுவைப் போர்த்திவிடும். படுத்திருக்கும் வளர்ந்தவரின் மண்டைக்குள் சாதாரண அமுக்கம் 7 முதல் 15 மில்லிமீற்றர் பாதரசம், 20ஐத் தாண்டினால் டொக்டர் யோசிக்கத் தொடங்குவார். அங்கே 5 பிசகினால் சிகிச்சையே பிசகிவிடும்.

அதற்காக மென்மை வேண்டாம் என்று சொல்லவில்லை. மூளையிலும் நாடியிலும் கடினமான பொருள் உரசிப் புண்ணாக்கும். அதனால்தான் கரைந்துபோகும் சென்சரில் எனக்கு நம்பிக்கை. பொய் சொல்லத் தொடங்குமுன் போய்விடும்.

கேள்வி: உடம்புக்குள் இருக்கும் சென்சரை வெளியில் உள்ள வளிமண்டல அமுக்கம் குழப்பாதா?
– ஆசிரியர், கிண்ணியா

பதில்: நன்றாகக் குழப்பும் சேர். நம் கடற்கரையில் வளிமண்டல அமுக்கம் சுமார் 760 மில்லிமீற்றர் பாதரசம். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் ஏறக்குறைய 600தான். நுரையீரல் நாடியின் சாதாரண அமுக்கமோ 30ஐத் தாண்டாது. ஏன், மாரியில் ஒரு தாழமுக்கம் வந்து 10 ஹெக்ரோபஸ்கல் இறங்கினாலே பாதரசக் கணக்கில் 7 மில்லிமீற்றருக்கு மேல் குறைந்துவிடும். அதற்காகத் தலையணையோடு வரும் பெட்டிக்குள் வளிமண்டல அமுக்கத்தை அளக்கும் ஒரு பாரமானியும் வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு அளவீட்டிலும் வெளியமுக்கம் கழிபடும். அப்படி ஒரு பெட்டி திருத்துவதற்கு என் மேசைக்கு வந்தால், முதலில் அந்தப் பாரமானியைத்தான் சோதிப்பேன்.