வாயும் சக்கரமும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். ஞாயிறு காலைகளில் நாங்கள் ஏழெட்டுப் பேர் எண்ணூர் பக்கம் சைக்கிள் ஓட்டுவோம். ஜூலை பிறந்தால் ராத்திரி சாப்பாடு, மூன்று வாரம் நடக்கும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்துக்கு முன்னால்தான். பிரிட்டிஷ் சைக்கிள் வீரர் மார்க் கேவண்டிஷ் என்றால் எனக்கு உயிர். அவர் படத்தை வீட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். எங்கள் குழுவில் ஒரு நண்பர் அதைப் பார்த்துவிட்டு, "அவன் திமிர் பிடித்தவன், நிருபர்களிடம் எரிந்து விழுவான், ஜெயித்ததும் விரலைக் காட்டி அசிங்கம் பண்ணியவன். உன் பையன் கண்ணில் படுகிற மாதிரி இதை ஏன் வைத்திருக்கிறாய்?" என்று கேட்டார். (அதே நண்பர்தான் போன மாதம் கடைசி நூறு மீட்டர் போட்டியில் என் குறுக்கே வந்துவிட்டார். விழுந்து முழங்கை சிராய்த்துக்கொண்டேன். அது வேறு விஷயம், சிரித்துவிட்டு வந்துவிட்டோம்.) அவர் கேட்டதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. திறமை இருக்கிறது, குணம் சரியில்லை என்றால் அப்படிப்பட்டவரை ரசிகன் கொண்டாடலாமா? கலையையும் கலைஞனையும் பிரிப்பதுபோல் விளையாட்டிலும் பிரித்துப் பார்க்கலாமா? தமிழில் ஏன் சைக்கிள் பந்தயம் பற்றி யாரும் எழுதுவதில்லை?

எஸ்., தண்டையார்பேட்டை

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். தமிழில் யாரும் எழுதவில்லையே என்று என்னிடம் கேட்பதைவிட நீங்களே உட்கார்ந்து எழுதலாம். வாரம் தவறாமல் ஓட்டுகிறீர்கள், வருடம் தவறாமல் பார்க்கிறீர்கள். வேறென்ன தகுதி வேண்டும்? கலை, கலைஞன் என்ற பஞ்சாயத்தையும் இதற்குள் இழுக்காதீர்கள். கவிஞன் மோசமானவன் என்பதால் கவிதை படிக்கிறவனுக்கு எலும்பு முறிவதில்லை. ஸ்பிரிண்டில், பந்தயத்தின் கடைசி மீட்டர்களில் எல்லோரும் முட்டி மோதிப் பாயும்போது, முறிகிறது.

இதற்கு நான் பதில் எழுத உட்கார்ந்ததற்கு வேறு காரணம் உண்டு. சமீபத்தில் வியாசர்பாடியில் பையன்கள் ஆடிய கால்பந்து ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாலு வயது இருக்கும் ஒருவனுக்கு. பாஸ் வராத ஆத்திரத்தில் நம் தெருக்களில் சர்வ சாதாரணமாகப் புழங்கும் ஒரு வார்த்தையைக் கத்திவிட்டான். நடுவர் உடனே சிவப்பு அட்டையைக் காட்டி வெளியே அனுப்பினார். அதே ஆட்டத்தில் இன்னொருவன், பந்து போன பிறகு, பின்னாலிருந்து எதிராளியின் கணுக்காலை மிதித்தான். அதற்கு ஒரு விசில், அவ்வளவுதான். மிதிபட்ட பையன் ஷூவைக் கழற்றிவிட்டுக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து வீங்கின காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. திட்டியவனைச் சுற்றி நாலு பெரியவர்கள் நின்று ஒழுக்கம் போதித்துக்கொண்டிருந்தார்கள். மிதித்தவன் உள்ளே ஆடிக்கொண்டிருந்தான். அது என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது.

கேவண்டிஷ் விஷயத்திலும் நடந்தது அதேதான். 2010ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் கடைசியில் சுவிட்சர்லாந்தில் டூர் டி ரோமாண்டி என்ற பல நாள் பந்தயம். அந்த வருடத் தொடக்கத்தில் பல்லில் கோளாறு வந்து அவர் பந்தயங்களைத் தவறவிட்டிருந்தார். ஆள் முடிந்தான் என்று எழுதத் தொடங்கியிருந்தார்கள். ஒரு நாள் ஸ்பிரிண்டில் ஜெயித்து, முடிவுக் கோட்டைக் கடக்கும்போது உள்ளங்கை தன் பக்கம் இருக்கும்படி இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். ஆங்கிலேயர்கள் நடுவே அது கெட்ட வார்த்தைக்குச் சமம். என்ன ஆயிற்று? அவருடைய சொந்த அணியே அவரைப் பந்தயத்திலிருந்து விலக்கிக்கொண்டது.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூனில் அதே நாட்டில் டூர் டி சுவிஸ். கடைசி மீட்டர்களில் கேவண்டிஷ் தான் ஓட்டிவந்த நேர்கோட்டை விட்டு விலகினார். பக்கத்தில் வந்த ஹைன்ரிச் ஹவுஸ்லரோடு மோதி இருவரும் தரையில் விழ, பின்னால் வந்தவர்களும் அவர்கள் மேல் விழுந்தார்கள். இந்த ஹவுஸ்லர் யார் தெரியுமா? அதற்கு முந்தைய வருடம் மிலான் – சான்ரெமோவில், கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் ஓட்டி முடித்த பிறகு, கேவண்டிஷிடம் ஒரு டயர் அகலத்தில் தோற்றவர். இந்த மோதலுக்குக் கொடுத்த தண்டனை என்ன? அவர் நேரத்தோடு 30 வினாடியைக் கூட்டினார்கள், ஒரு சின்ன அபராதம் போட்டார்கள். மறுநாள் சக வீரர்கள் சற்று நேரம் புறப்பட மறுத்துத் தொடக்கக் கோட்டிலேயே நின்றார்கள். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு எது குற்றம் என்று தெரிந்திருந்தது.

விரல் தூக்கியதற்கு வீட்டுக்கு அனுப்பினார்கள், ஆளைத் தள்ளியதற்கு அரை நிமிடம் கூட்டிவிட்டார்கள். உங்கள் நண்பரும் இத்தனை வருடம் கழித்து அந்த விரலைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார். ஹவுஸ்லர் பெயரை அவர் கேள்விப்பட்டிருப்பாரா என்றே சந்தேகம்.

ஸ்பிரிண்ட் என்றால் என்ன என்பதை நீங்கள் டிவியில் மேலிருந்து பார்க்கிறீர்கள். ஹெலிகாப்டரிலிருந்து அது அழகாக இருக்கும். தரையில் வேறு. ஒரு அணி தன் ஸ்பிரிண்டருக்காக நாள் முழுக்க உழைக்கிறது. ஒருவர் தண்ணீர் கொண்டுவருகிறார், ஒருவர் எதிர்காற்றை வாங்கிக்கொள்கிறார், மலையில் பின்தங்கினால் நேரக்கெடுவுக்குள் கொண்டுசேர்க்க இரண்டு பேர் கூடவே தங்குகிறார்கள். கடைசி மூன்று கிலோமீட்டரில் ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டி, முன்னால் இருப்பவர் தீர்ந்துபோய் விலக விலக, ஸ்பிரிண்டரைக் கடைசி 200 மீட்டர் வரை கொண்டுபோய் விடுகிறார்கள். கேவண்டிஷுக்கு அந்தக் கடைசி ஆள் பல வருடம் மார்க் ரென்ஷா. அப்போது வேகம் 65, 70 கிலோமீட்டர். உடம்பில் தலைக்கவசத்தைத் தவிர ஒரு மெல்லிய துணி. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் உங்கள் முன்சக்கரம் கொஞ்சம் ஏறியிருக்கும். அவர் ஒரு சாண் நகர்ந்தால் இரண்டும் உரசும். உரசினால் அநேகமாக விழுவது பின்னால் இருப்பவர்தான், முன்னால் இருப்பவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதனால்தான் கோட்டை விட்டு விலகாதே என்பது அங்கே முதல் சட்டம்.

வாய் என்று வரும்போது எனக்குச் சொந்தக் கோபம் ஒன்று உண்டு. நான் கொருக்குப்பேட்டையில் வளர்ந்தவன். முதல் வேலையில் சேர்ந்த அன்று ஓர் அதிகாரி எந்த ஏரியா என்று கேட்டார், சொன்னேன், பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அதற்குப் பிறகு அந்த அலுவலகத்தில் நான் உரக்கப் பேசியதெல்லாம் சண்டை, மற்றவர்கள் உரக்கப் பேசியதெல்லாம் விவாதம். பேச்சு மெத்தென்று இருப்பவன் நல்லவன் என்ற நம்பிக்கை இந்த ஊரில் யாருக்குச் சாதகமானது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தண்டையார்பேட்டைக்காரரான நீங்களே அந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நிற்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கேவண்டிஷ் ஐல் ஆஃப் மேன் என்ற சின்னத் தீவில் பிறந்தவர். பந்தயத்துக்குக் காசு சேர்க்க வங்கியில் வேலை பார்த்தார். நிலையாக நிறுத்திய சைக்கிளில் ஏற்றி அளந்தபோது அவர் எண்கள் போதாது என்று பயிற்சியாளர்கள் சந்தேகப்பட்டார்கள். மற்ற ஸ்பிரிண்டர்களைவிடக் குறைந்த சக்திதான். ஆனால் மூக்கு ஹேண்டில்பாருக்கு முன்னால் வரும்படி குனிந்து காற்றுக்கு அடியில் புகுந்துவிடுவார். எல்லோரும் உதவாது என்று சொன்னதையும் மீறி வந்தவனுக்கு வாயில் கொஞ்சம் காரம் இருக்கும். ஜெயித்த பிறகு மைக்கைப் பிடித்து அணியில் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி நன்றி சொன்னதும் அதே வாய்தான்.

அந்த வாய் யார்மேல் விழுகிறது என்பதை மட்டும் பார்க்கிறேன். நிருபரிடம் எரிந்து விழுந்தால் நிருபர் மறுநாள் பத்திரிகையில் திருப்பி அடித்துக்கொள்வார். 2021 டூர் டி பிரான்ஸில் ஒரு நாள், புறப்படும் நேரத்தில், கேமராக்களுக்கு முன்னால் தன் மெக்கானிக்கைக் கத்தித் தீர்த்தாரே, அது எனக்கு வலித்தது. பிறகு மன்னிப்புக் கேட்டார், நல்லதுதான். ஆனால் அந்த மெக்கானிக் நின்ற இடத்தில் நான் நின்றிருக்கிறேன்.

எங்கள் பேட்டையில் ஓர் அண்ணன் இருந்தார். ஹார்பரில் மூட்டை தூக்குபவர். கறுப்பு சைக்கிளில் மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ராயபுரத்திலிருந்து எண்ணூர் போய்த் திரும்பும் பந்தயங்களில் ஓட்டுவார். நான் அவருடைய எடுபிடி. பம்பு, ஸ்பேனர், குளுக்கோஸ் கலந்த தண்ணீர், பாதியாக நறுக்கிய எலுமிச்சம்பழம் எல்லாம் என் பையில் இருக்கும். ஒரு தடவை வால்வு டியூப் எடுத்து வைக்க மறந்துவிட்டேன். பந்தயம் பார்க்க வந்த கூட்டத்துக்கு நடுவில், என் அம்மா நிற்கும்போதே, என் பிறப்பையும் சேர்த்து இழுத்துத் திட்டினார். அம்மா என் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அதோடு அவருக்குப் பை தூக்குவதை விட்டேன். அதை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

அதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். திருவொற்றியூர் தாண்டித் திரும்பி வரும்போது கடைசியில் இரண்டு பேர்தான் முன்னால். அண்ணனும், அவரைவிட நாலைந்து வயது சின்ன ஒரு பையனும். பையன் இடப்பக்கம். அவனுக்கு இடப்பக்கம் மூடியில்லாத சாக்கடை. அண்ணன் ஹேண்டில்பாரை லேசாக இடப்பக்கம் சாய்த்திருந்தால் போதும், பையன் பிரேக் பிடித்தே ஆக வேண்டும். அந்தக் காலத்துப் பந்தயத்தில் அதை யாரும் தப்பென்று சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் சாய்க்கவில்லை. முழங்கையை ஒடுக்கிக்கொண்டு, தன் முன்சக்கரத்தை ஒரே நேராகப் பிடித்து மிதித்தார். அரைச் சக்கரத்தில் தோற்றார். சைக்கிளைப் போட்டுவிட்டு நடத்துகிறவர்களை, சாலையை, சாக்கடையை, என்னை, எல்லோரையும் திட்டினார். ராத்திரி நான் கேட்டேன், ஏன் கொஞ்சம் ஒதுக்கியிருக்கக் கூடாது என்று.

"தோத்தா நாளிக்கு ஜெயிச்சிக்கலாம்டா. அவன் சாக்கடைல வுழுந்து மண்ட ஒடஞ்சான்னா அவங்க ஆத்தா மூஞ்சில எப்டி முழிப்பேன்?" என்றார். அதைச் சொன்னபோதும் கூடவே ஒரு கெட்ட வார்த்தை இருந்தது. இங்கே எழுதவில்லை.

அந்த மனிதனை எனக்குப் பிடிக்காது. அந்த நேர்கோட்டை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. இரண்டையும் ஒன்றாக்கச் சொல்லி என்னை யாரும் கட்டாயப்படுத்த முடியாது, உங்களையும்தான். ரசிகன் நற்சான்றிதழ் எழுதித் தரும் தாசில்தார் இல்லை. 2024 ஜூலை 3ஆம் தேதி, 39 வயதில், பிரான்ஸின் சான் வுல்பாவில், டூர் டி பிரான்ஸில் ஒரு நாள் பந்தயத்தை 35ஆவது முறை ஜெயித்து, பழைய சாம்பியன் எடி மெர்க்ஸின் 34ஐக் கேவண்டிஷ் தாண்டினாரே, அந்த ஸ்பிரிண்டைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். அதற்கு முந்தைய வருடம் கீழே விழுந்து காறை எலும்பு முறிந்து வெளியேறியவர். கூட்டத்துக்குள் ஒரு சக்கரத்திலிருந்து இன்னொரு சக்கரத்துக்குத் தாவி இடைவெளியைக் கண்டுபிடித்த அந்த நிதானத்துக்கு நான் எழுந்து நின்று கைதட்டினேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. படம் சுவரிலேயே இருக்கட்டும். பையன் கேட்டால் ஹவுஸ்லரைப் பற்றியும் சொல்லுங்கள், மெக்கானிக்கைப் பற்றியும் சொல்லுங்கள்.

2020 ஆகஸ்டில் போலந்தின் கடோவிட்ஸேயில் நடந்ததையும் சொல்லுங்கள். இறக்கத்தில் முடியும் பந்தயம், வேகம் 80ஐத் தொடும். நெதர்லாந்து ஸ்பிரிண்டர் டிலன் க்ரூனவேகன் கோட்டை விட்டு விலகியதில், அதே நாட்டுக்காரரான ஃபாபியோ யாகோப்சன் தடுப்பில் மோதித் தூக்கி எறியப்பட்டார். தடுப்பும் சரியாக நிற்கவில்லை. மருத்துவர்கள் அவரைச் செயற்கையாக மயக்கத்தில் வைத்திருந்தார்கள். பற்கள் போயின, முகத்தைத் தைத்தார்கள். க்ரூனவேகனுக்கு ஒன்பது மாதத் தடை. 2022 டூர் டி பிரான்ஸில், டென்மார்க்கில் நடந்த ஒரு நாள் பந்தயத்தில், யாகோப்சன் தன் முதல் டூர் வெற்றியைப் பெற்றார். மறுநாளே க்ரூனவேகன் ஜெயித்தார். இரண்டு நாளும் நான் அழுதேன். அந்த விபத்தில் வாய்க்கு எந்தப் பங்கும் இல்லை, எஸ். எல்லாம் சக்கரம்தான்.

இப்போது உங்களிடம் கொஞ்சம் கோபமாகப் பேச வேண்டும். கேவண்டிஷின் விரலுக்கு உங்கள் கடிதத்தில் ஒரு பத்தி. உங்கள் முழங்கைக்கு அடைப்புக்குறி. "அது வேறு விஷயம்" என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அதுதானய்யா விஷயம்! எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஓரம் கட்டி நிற்கும், ஓரத்தில் மணல் கிடக்கும், அதற்கு நடுவில் போட்டி போட்டு ஓட்டியிருக்கிறீர்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்கள் மனைவிக்குத் தெரியுமா? குறுக்கே வந்த மனிதர் சிரித்துவிட்டுப் போய், உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் படத்துக்கு நாகரிகம் சொல்லித் தருகிறார். நீங்களும் தலையைக் குனிந்து கேட்டுவிட்டு எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே அவரைப் பார்த்துப் பேசுங்கள். கோட்டை விட்டு விலகினால் இனி கூட ஓட்ட முடியாது என்று மற்றவர்கள் முன்னால் சொல்லுங்கள். நல்ல வார்த்தையில் ஏறவில்லை என்றால் நம் பேட்டை வார்த்தையில் சொல்லுங்கள். லாரி போகும் சாலையில் அந்த நூறு மீட்டர் போட்டியை நிறுத்துங்கள். முழங்கைக்கு ஒரு டிடி ஊசி போட்டுக்கொண்டீர்களா?