கடன் அனுமதி வந்தாச்சு, கார் எடுக்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் ஒரு பழைய தனி வீட்டை 62 லட்சத்துக்குப் பேசி, 5 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டிருக்கிறோம். வங்கியில் 46 லட்சம் கடனுக்கு அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. ஆடி என்பதால் பத்திரப் பதிவை ஆவணியில் வைத்திருக்கிறோம். அதற்குள் 9 லட்சம் லோன் போட்டுக் கார் எடுக்கலாம் என்கிறார் என் கணவர். ஆடித் தள்ளுபடியில் சோபா, ஃப்ரிட்ஜ் தவணையில் எடுக்கலாம் என்பது என் எண்ணம். வீட்டை விற்பவர் வேறு, 4 லட்சத்தைப் பத்திரத்தில் காட்டாமல் ரொக்கமாகக் கேட்கிறார். என்ன செய்வது? - வாசகி, ஈரோடு

பதில்: காரைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள். அனுமதிக் கடிதம் வந்ததாலேயே பணம் வந்துவிட்டதாக அர்த்தம் இல்லை, பதிவன்று காசோலை கைமாறும்வரை வங்கி உங்கள் சிபில் அறிக்கையை (உங்கள் கடன்களின் வரலாறு) மறுபடி எடுத்துப் பார்க்கலாம், தொகையைக் குறைக்கலாம், நிறுத்தியும் வைக்கலாம். கணக்கைப் பாருங்கள். 9 லட்சம் கார் கடன், 9 சதவீத வட்டி, 7 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 14,480 ரூபாய். வீட்டுக் கடனில் 8.5 சதவீதத்தில் 20 வருடத்துக்கு லட்சத்துக்கு 868 ரூபாய்தான் தவணை. அதாவது அந்தக் கார் உங்கள் வீட்டுக் கடன் தகுதியில் 16 லட்சத்துக்கு மேல் தின்றுவிடும். உங்கள் சம்பளத்தில் அவ்வளவு இடம் மிச்சம் இருந்தால் சரி, இல்லையென்றால் ஆவணியில் அந்த 16 லட்சத்துக்கு யாரிடம் போய் நிற்பீர்கள்?

சோபாவும் அப்படித்தான். வட்டியில்லாத் தவணை என்று கடையில் சொன்னாலும் அதுவும் ஒரு கடனாகத்தான் சிபிலில் ஏறும். வீட்டுக்குக் குடிபோன பிறகு வாங்கிக்கொள்ளுங்கள், தள்ளுபடி தீபாவளிக்கும் வரும். உறவினர் யாராவது ஜாமீன் கையெழுத்து கேட்டாலும் இந்த இரண்டு மாதம் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

பலர் கோட்டை விடுவது கையிருப்பில்தான். விலையில் உங்கள் பங்கு இன்னும் 11 லட்சம் பாக்கி. அதோடு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 62 லட்சத்துக்கு 5,58,000 ரூபாய் (அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு அதைவிடக் கூடுதலாக இருந்தால் அதற்குத்தான் கட்ட வேண்டும்). உங்கள் வீட்டின் விலைக்கு இந்தச் செலவை வங்கி கடனில் சேர்க்காது. ஆக 16.58 லட்சம் கையில் வேண்டும், பத்திர எழுத்தர் கூலி, வங்கிச் செலவுகள் தனி. இந்தப் பணம் பங்குச் சந்தையிலோ மியூச்சுவல் ஃபண்டிலோ இருந்தால் இப்போதே எடுத்துச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள், பதிவுக்கு முந்தின வாரம் சந்தை விழுந்தால் யாரும் ஈடு செய்யப் போவதில்லை.

ரொக்கம் வேண்டவே வேண்டாம். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை முழுவதையும் அபராதமாக வருமான வரித்துறை விதிக்கலாம் என்பதை விற்பவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். உங்களுக்கும் நஷ்டம்தான்: பேரம் முறிந்தால் அந்த 4 லட்சத்துக்கு ஆதாரம் கிடையாது, நாளைக்கு நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை 58 லட்சம் என்றே கணக்காகி லாபமும் வரியும் ஏறும்.

அப்புறம், விலை 50 லட்சத்தைத் தொட்டாலே விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதம் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்து அரசுக்குக் கட்டுவது உங்கள் பொறுப்பு. அட்வான்ஸுக்கும் இது உண்டு. 5,000 ரூபாய் பிடிக்காமல் விட்டிருந்தால் இப்போதே வட்டியோடு கட்டிவிடுங்கள். விற்பவரின் பான் எண் கையில் இருக்கட்டும். பதிவுக்கு முந்தின நாள் வில்லங்கச் சான்றையும் மறுபடி ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

கேள்வி: கடன் அனுமதி ஆகிவிட்டது, பதிவு அடுத்த மாதம். இப்போது கூடுதல் சம்பளத்தில் வேறு வேலை வந்திருக்கிறது. மாறலாமா? - வாசகர், மதுரை

பதில்: புது வேலையை விட்டுவிடாதீர்கள், சேரும் தேதியைப் பதிவுக்குப் பிறகு வைக்க முடியுமா என்று அங்கே கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அது முடியாவிட்டால் ராஜினாமா கடிதம் கொடுக்கும் முன்பே வங்கி அதிகாரியிடம் நியமன ஆணையைக் காட்டி, கடன் அப்படியே தொடரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். சொல்லாமல் மாறிவிட்டு, பணம் கொடுக்கும் நாளில் அலுவலகத்துக்குப் போன் போட்டு அவர்களே தெரிந்துகொண்டால் கோப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கும், அதற்குள் அக்ரிமென்ட் கெடு முடிந்தால் அட்வான்ஸுக்கே ஆபத்து.