திரையிசையிலும் மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவிலும் சாக்ஸபோன் உங்களை உருக்கிய இடங்கள் எவை?

என் தாய்மாமா மதுரை செல்லூரில் ஒரு பேண்டு செட்டில் இருபது வருஷத்துக்கு மேல் கிளாரினெட் வாசித்தவர். சாக்ஸபோனும் அவரிடம் ஒன்று இருந்தது. ஊர்வலம் போகும்போது அதைத் தொடவே மாட்டார். மாப்பிள்ளை அழைப்பு மண்டப வாசலுக்கு வந்து, டிரம் சத்தமெல்லாம் அடங்கிய பிறகுதான் பெட்டியைத் திறப்பார். ஏன் மாமா என்று கேட்டால், "எந்நேரமும் ஊதிக்கிட்டே இருந்தா அதுவும் ஒரு குழாய்தான் மாப்ள. நேரம் பாத்து எடுக்கணும்" என்பார்.

எனக்கு மறக்காத இடங்களும் பெரும்பாலும் அப்படித்தான் அமைந்திருக்கின்றன: எங்கிருந்தோ வந்து, கொஞ்ச நேரம் பாடிவிட்டுப் போன சாக்ஸபோன். 'டூயட்' மட்டும் விதிவிலக்கு. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1994-இல் வந்த படம். கே. பாலசந்தர் இயக்கம், ஏ.ஆர். ரஹ்மான் இசை. பிரபு அதில் சாக்ஸபோன் கலைஞராக வருவார். உண்மையில் வாசித்தவர் கத்ரி கோபால்நாத். மங்களூர்ப் பக்கத்துக்காரர், அப்பா நாதஸ்வரக் கலைஞர். இது முக்கியம். நாதஸ்வரத்தில் விரல் நேராகத் துளையின் மேலேயே இருக்கும். பாதி மூடலாம், மெல்ல வழித்து எடுக்கலாம், சுரத்தை அசைத்துக் குழைக்கும் கமகம் அங்கேயே பிறந்துவிடும். சாக்ஸபோனில் துளைகளை மூடுவது சாவிகளும் மூடிகளும். விரலால் வழிக்க வழி குறைவு, உதடும் மூச்சும்தான் ரீடை (ஊதும் முனையில் அதிரும் மெல்லிய நாணல் சீவலை) அழுத்தியும் தளர்த்தியும் அந்தக் குழைவைக் கொண்டுவர வேண்டும். 'என் காதலே' பாட்டில் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு அது நழுவிப் போவதைக் கவனித்துக் கேளுங்கள். 'தில்லானா மோகனாம்பாள்' படத்துக்காக எங்கள் ஊர் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த நாதஸ்வரத்தைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, கத்ரியின் வாசிப்பு வெளியூர்ச் சத்தமாகவே தெரியவில்லை.

படம் வந்த பிறகு கல்யாண வீட்டுக்காரர்கள் எல்லாரும் அந்த மெட்டைத்தான் கேட்டார்கள். மாமா மொட்டை மாடியில் மாதக்கணக்காகப் பழகினார். கீழ் உதட்டின் உள்பக்கம் பல் பட்டுப் புண்ணாகி, ஒரு வாரம் குழம்பே சாப்பிட முடியவில்லை. மெட்டு வந்துவிட்டது, அந்த நழுவல் மட்டும் வரவில்லை. அன்றைக்குத்தான் கத்ரி செய்தது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்குப் புரிந்தது.

சரி, ஆர்கெஸ்ட்ராவுக்கு வருவோம். நம் பக்கம் அந்தச் சொல்லுக்குத் திருவிழா மேடையில் சினிமாப் பாட்டு பாடும் குழு என்றுதான் அர்த்தம். நான் சொல்வது மேற்கத்திய சிம்பொனிக் குழுவை. அடால்ஃப் சாக்ஸ் தன் கருவிக்குப் பாரிஸில் காப்புரிமை வாங்கியது 1846-இல். அதற்குள் அந்தக் குழுவில் யார் யார் எங்கே உட்காருவது என்பது ஏறக்குறைய முடிவாகிவிட்டது. சாக்ஸபோனுக்கு நிரந்தர நாற்காலி கிடைக்கவில்லை. ஆகவே ஓர் இசையமைப்பாளர் அதை அழைத்தால், அதற்கென்று ஒரு காரணம் வைத்திருப்பார்.

பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் வைத்திருந்தார். ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கி 1874-இல் பியானோவுக்கு எழுதிய 'கண்காட்சியில் ஓவியங்கள்' என்ற படைப்பை அவர் 1922-இல் முழு ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றினார். அதில் 'பழைய கோட்டை' என்று ஒரு பகுதி. கோட்டைக்கு முன்னால் நின்று ஒரு பாணன் பாடுகிறான். அந்தப் பாட்டை ராவெல் ஆல்ட்டோ சாக்ஸபோனுக்கு (டெனரைவிடச் சிறியது, குரல் கொஞ்சம் மேலே இருக்கும்) கொடுத்தார். மற்ற பகுதிகள் எதிலும் சாக்ஸபோன் கிடையாது. இந்தப் பகுதியின் அடியில் ஒரே சுரம் முதலிலிருந்து கடைசிவரை நின்றுகொண்டே இருக்கும். போன வருஷம் மாமாவுக்கு இதைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "ஒத்து யாரு மாப்ள பிடிக்கிறது?" நாதஸ்வரத்துக்குத் துணையாக ஒரே சுரத்தை விடாமல் ஊதும் குழலைத்தான் ஒத்து என்பார்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது ரஷ்ய இசையமைப்பாளர் ரஹ்மானினோவின் 'சிம்பொனிக் நடனங்கள்'. 1940-இல், ரஷ்யாவை விட்டு வந்து அமெரிக்காவில் இருந்தபோது, அறுபத்தேழு வயதில் எழுதியது. அவருடைய கடைசிப் படைப்பும் அதுதான். சாக்ஸபோனுக்கு எழுதிப் பழக்கமில்லாததால், பிராட்வே நாடகங்களுக்கு வாத்திய அமைப்பு செய்துவந்த ராபர்ட் ரஸல் பென்னட்டிடம் யோசனை கேட்டார். அவ்வளவு பெரிய மேதை, தெரியாததை இன்னொருவரிடம் போய்க் கேட்டார் என்பதை நினைத்தாலே எனக்கு நெகிழ்ந்துவிடும். முதல் பகுதியில் பெரிய ஆரவாரம் அடங்கும், வயலின்கள் ஒதுங்கிக்கொள்ளும், மரக்குழல்களின் நடுவிலிருந்து ஆல்ட்டோ சாக்ஸ் ஒரு நீண்ட மெட்டை எடுக்கும். ஊரை விட்டு வந்தவர் பாடுகிற பாட்டாகத்தான் எனக்கு அது கேட்கிறது. அப்புறம் வரும் இரண்டு பகுதிகளிலும் அது வாயே திறக்காது.

படத்துக்கென்று எழுதிப் பிறகு மேடைக்கு வந்த இசை வேண்டுமென்றால் இன்னொரு ரஷ்யரான புரோகோஃபியேவின் 'லெப்டினன்ட் கீஜே' இருக்கிறது. அதில் வருவது ஆல்ட்டோவைவிடத் தாழ்ந்த குரலுள்ள டெனர் சாக்ஸ். 'பிங்க் பாந்தர்' மெட்டு எல்லாருக்கும் தெரியும். ஹென்றி மான்சினி எழுதியதை டெனரில் வாசித்தவர் பிளாஸ் ஜான்சன்.

கடைசியாக 'டாக்ஸி டிரைவர்' என்ற ஹாலிவுட் படம். 'சைக்கோ' படம் முழுக்கத் தந்தி வாத்தியங்களை மட்டுமே வைத்து மிரட்டிய பெர்னார்ட் ஹெர்மன்தான் இதற்கும் இசை. நியூயார்க் இரவில் தனியாக டாக்ஸி ஓட்டிக்கொண்டிருக்கும் ஒருவன். ஒரு பக்கம் டிரம்மும் பித்தளை வாத்தியங்களும் உறுமும், அடுத்த நிமிஷம் ஆல்ட்டோ சாக்ஸ் தாலாட்டு மாதிரி வரும். இரண்டும் மாறி மாறி வரும்போது அந்த மனுஷன் உள்ளுக்குள் என்ன ஆகிக்கொண்டிருக்கிறான் என்று வசனமே இல்லாமல் தெரிந்துவிடும். 1975 டிசம்பர் 23-ஆம் தேதி ஹெர்மன் ஒலிப்பதிவை முடித்தார். அன்று இரவு தூக்கத்திலேயே இறந்துபோனார். படம் அடுத்த வருஷம்தான் வெளியானது.

இதை மாமாவுக்கு இன்னும் போட்டுக் காட்டவில்லை. சித்திரைத் திருவிழாவுக்குச் செல்லூர் போகும்போது நல்ல ஹெட்போன் ஒன்றை எடுத்துப் போகலாம் என்றிருக்கிறேன்.