பழைய கேசட்டும் பூட்டுப் போட்ட பெட்டியும்: கேள்வி பதில்

காசிமேடு: அண்ணே, அப்பா டிவியிலிருந்து பதிந்து வைத்த வி.எச்.எஸ். கேசட்டுகள் பரணில் கிடைத்தன. நாடா ஓரத்தில் மாவு தூவியது போல வெள்ளையாக இருக்கிறது. போட்டுப் பார்க்கலாமா?

போடாதே தம்பி. அது பூஞ்சை. கடற்காற்று வருகிற வீட்டில் பரணில் வைத்தால் வரத்தான் செய்யும். ராயபுரத்தில் என் வீட்டிலும் வந்தது. ஆசையில் ஒன்றைப் போட்டுவிட்டேன், பூஞ்சை டெக்கின் (கேசட் ஓட்டும் கருவியின்) ஹெட்டில், அதாவது நாடாவைப் படிக்கிற முனையில், ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போட்ட நல்ல கேசட்டிலும் படம் முழுக்க மழை. முதலில் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் ஒரு வாரம் வை. பிறகு மொட்டைமாடியில், முகமூடி போட்டுக்கொண்டு, ஐந்து ஸ்குரூவைக் கழற்றிக் கூட்டைத் திறந்து, நூல் உதிராத துணியால் மெல்லத் துடை. ஹெட்டுக்கு பட்ஸ் கூடவே கூடாது, பஞ்சு சிக்கினால் ஹெட் உடையும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த ஷாமி தோலை அசைக்காமல் பிடித்து, ஹெட் பொருத்திய உருளையான டிரம்மைக் கையால் சுற்று.

தண்டையார்பேட்டை: கம்ப்யூட்டரில் எந்த அளவில் ஏற்றுவது?

நம்மூர் டிவியின் பால் (PAL) முறைக்கு 720-க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 பிரேம். ஒற்றை வரி, இரட்டை வரி என்று படம் மாறி மாறி வருகிற இன்டர்லேஸை அப்படியே விடுங்கள். ஹஃப்ஒய்யுவி மாதிரி, படத்தரம் இழக்காமல் சுருக்குகிற கோடெக் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 30 ஜிபி பக்கம் போகும். போகட்டும்.

வண்ணாரப்பேட்டை: டிடிஎச் பெட்டியில் பென்டிரைவில் பதிந்தது கம்ப்யூட்டரில் ஓடவில்லையே?

ஓடாது. பெட்டி பதிவைப் பூட்டி (என்கிரிப்ட் செய்து) வைக்கிறது, பூட்டின் சாவி அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. தூர்தர்ஷனின் இலவச டிடிஎச்சான டிடி ஃப்ரீ டிஷ்ஷில் பூட்டில்லாத சேனல்கள் உண்டு, 93.5 டிகிரி கிழக்கில் இருக்கும் ஜிசாட் 15 செயற்கைக்கோளிலிருந்து வரும். கம்ப்யூட்டரில் டிவிபி எஸ்2 கார்டு (செயற்கைக்கோள் சிக்னலை வாங்கும் அட்டை) போட்டால் வருகிற ஓடையை (ஸ்ட்ரீமை) அப்படியே பிடிக்கலாம். 4 எம்பிபிஎஸ் சேனல் என்றால் மணிக்கு 1.8 ஜிபிதான்.

பெரம்பூர்: விளம்பரத்தை வெட்டிவிடுகிறேன் அண்ணே, இடம் மிச்சம்.

வெட்டாதே!

பெரம்பூர்: குப்பையை எதற்குச் சேர்ப்பது? நாடகம்தானே முக்கியம்?

நாடகம் எடுத்தவரிடமாவது ஒரு பிரதி இருக்கலாம். நடுவில் வந்த நிர்மா விளம்பரம், அறிவிப்பாளர் பேச்சு, 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டை, இதெல்லாம் யாரிடம் இருக்கும்? என்னிடம் 'ஒளியும் ஒலியும், வெள்ளி' என்று மட்டும் எழுதிய கேசட் ஒன்று இருக்கிறது. வருஷமே தெரியாமல் கிடந்தது. பாட்டுக்கு முன்னால் வந்த ஒரு படத்தின் தீபாவளி வெளியீட்டு விளம்பரத்தை வைத்துத்தான் பிடித்தேன். அதை வெட்டியிருந்தால் என்ன செய்திருப்பேன், சொல்லு.

பெரம்பூர்: சரி, தோற்றேன். எங்கே வைப்பது?

இரண்டு ஹார்டு டிஸ்க். ஒன்று உன் வீட்டில், இன்னொன்று வேறு பேட்டையில் சொந்தக்காரர் வீட்டு மாடியில். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் கீழ்வீட்டுக்காரர்கள் பட்டதைப் பார்த்தாய் அல்லவா.

வியாசர்பாடி: கேசட்டில் வெள்ளையாக ஏதோ இருக்கிறது...

காசிமேட்டுத் தம்பிக்குச் சொன்னதுதான்.

திருவொற்றியூர்: தம்பி, வெள்ளைப் பூஞ்சைக்கு ஹேர் டிரையர் பிடிக்கலாமா?

அக்கா, வேண்டாம். சூட்டில் நாடா சுருங்கிக் கோணும். தயவுசெய்து முதல் பதிலைப் படித்துவிட்டு வாருங்கள்.