95 போதாத படிப்பு

ஆத்தூரிலிருந்து வந்திருந்த ஐயாவுக்கு,

நேற்று கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டீர்கள்: "என் மகள் பாலிமர் ஆராய்ச்சி செய்து பேராசிரியர் ஆவேன் என்கிறாள். பிளாஸ்டிக்கைப் படித்து என்ன செய்வது?"

உங்கள் சேகோ (ஜவ்வரிசி) ஆலைத் தொட்டியின் அடியில் படிகிறதே குச்சிக்கிழங்கு மாவு, அதுவும் பாலிமர்தான். பாலிமர் என்றால் சிறு மூலக்கூறுகளைக் கோத்த நீண்ட சங்கிலி; குளுக்கோஸைச் செடி கோத்த சங்கிலி அது. மேட்டூரில் பி.வி.சி. பிளாஸ்டிக் செய்கிறவர்கள் வினைல் குளோரைடு என்ற மூலக்கூறைக் கோக்கிறார்கள். கோக்கும் அந்த வித்தையைத்தான் உங்கள் மகள் கற்க விரும்புகிறாள்.

வேலையின் தன்மையைச் சொல்லிவிடுகிறேன். நைலானைக் கண்டுபிடித்த காரோதர்ஸ் ஒரு கணக்கு விட்டுச்சென்றிருக்கிறார். அந்த வகைப் பாலிமரில் வினை 95 சதவீதம் நடந்து முடிந்தாலும் சங்கிலியின் சராசரி நீளம் 20 அலகுதான். இழையாக இழுத்தால் அறுந்துவிடும். 99 சதவீதத்தை எட்டினால் 100 அலகு. வினைக்கான இரண்டு பொருள்களை எடைபோடும்போது இம்மி பிசகினாலும் அந்த நீளம் வராது. வேறு சில வினைகளில் துளி ஈரமோ காற்றோ புகுந்தாலே ஒரு வார உழைப்பு வீண். பிளஸ் டூவில் 95 வாங்கினால் தெருவுக்கே இனிப்புக் கொடுக்கிறோம். இங்கே அதே 95-ஐப் பார்த்துவிட்டு, மறுநாள் குடுவையைக் கழுவி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவளுடைய மதிப்பெண்ணைவிட இந்தப் பொறுமை இருக்கிறதா என்பதையே நான் பார்ப்பேன்.

இளங்கலை மூன்று, முதுகலை இரண்டு, முனைவர் பட்டம் ஏறத்தாழ ஐந்து ஆண்டு. சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. அந்தக் காலத்தில் அவள் உங்கள் கையை எதிர்பார்க்க வேண்டியிராது. முதுகலைக்கு ஐ.ஐ.டி. வேண்டுமென்றால் ஜாம் தேர்வு உண்டு; பெரியார் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டும் ஆராய்ச்சிக்குப் போகலாம். கல்லூரியின் பெயரைவிட, ஆய்வை வழிநடத்தும் நெறியாளர்தான் முக்கியம் என்பேன். அவரிடம் முன்பு சேர்ந்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிக்காமல் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

அரசுக் கல்லூரிப் பேராசிரியர் தேர்வு ஆண்டுதோறும் வருவதில்லை. காத்திருக்க நேரிடலாம். அந்த இடைவெளியில் பெயின்ட், பசை, டயர் நிறுவனங்களின் ஆய்வுக்கூடங்களில் இதே படிப்புக்கு வேலை உண்டு.

கல்யாணத்தைப் பற்றி நீங்கள் தயங்கித் தயங்கிச் சொன்னதும் புரிந்தது. முனைவர் பட்டம் முடிக்கும்போது அவளுக்கு 27, 28 ஆகியிருக்கும். ஆய்வின் நடுவில் மட்டும் அவசரப்படுத்தாதீர்கள்; பாதியில் விட்ட ஆய்வை மீண்டும் தொடங்குவது மிகக் கடினம். அடுத்த சனிக்கிழமை அவளையும் அழைத்து வாருங்கள். நேற்று நீங்களே பேசினீர்கள், அவள் பேசி நான் கேட்கவில்லை.