பயணத்துக்கான சிறு பைகள்: தையல் கேள்வி பதில்

பயணத்துக்கு வேண்டிய சிறு பைகளையும் உறைகளையும் வீட்டிலேயே தைத்துக்கொள்வது பற்றி நம் தையல் குழுவினர் கேட்டிருந்த கேள்விகளுக்கு, மதுரையில் தையல் வகுப்பு நடத்திவரும் மூத்த உறுப்பினர் எழுதிய பதில்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. கேட்டவர்களின் பெயருக்குப் பதிலாக ஊர் மட்டும் தரப்பட்டுள்ளது.

திருமங்கலம்: அக்கா, பாஸ்போர்ட்டும் கொஞ்சம் பணமும் வைப்பதற்கு ஓர் உறை தைத்தேன். பாஸ்போர்ட்டை வைத்துச் சுற்றிலும் கோடு போட்டுத் தையலுக்கும் இடம் விட்டுத்தான் வெட்டினேன். தைத்து முடித்த பிறகு பாஸ்போர்ட் உள்ளே போக மறுக்கிறது. காரணம் என்ன?

பதில்: நீங்கள் நீளத்தையும் அகலத்தையும் அளந்திருக்கிறீர்கள், கனத்தை அளக்கவில்லை. பயணப் பைகளில் பத்துக்கு எட்டு இந்த ஒரே காரணத்தால்தான் கெடுகின்றன. பாஸ்போர்ட்டின் அளவு 12.5 சென்டிமீட்டருக்கு 8.8 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ 5 அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம். அதனுடன் மேலட்டையும் பயணச்சீட்டும் மடித்த ரூபாய் நோட்டுகளும் சேரும்போது கனம் அரை அங்குலம் ஆகிவிடும். துணி அந்தக் கனத்தையும் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். ஆகவே வெட்டும் துண்டின் அகலம் என்பது பொருளின் அகலம், அதன் கனம், இரு பக்கத் தையலுக்கும் அரை அங்குலம் வீதம் ஓர் அங்குலம், கை நுழைந்து எடுப்பதற்குக் கால் அங்குலம் ஆகிய நான்கின் கூட்டுத்தொகை. உங்கள் உறைக்கு ஆறே முக்கால் அங்குலம் வரும். உயரத்துக்கும் இதே கணக்குத்தான். ஐந்தேகால் அங்குலம் வரும்.

சார்ஜர், சோப்பு டப்பா போன்ற கனமான பொருள்களுக்கு அடிமூலைகளையும் பெட்டி போல ஆக்கிக்கொண்டால்தான் பை உட்காரும். பக்கத் தையலையும் அடித் தையலையும் முடித்த பிறகு, மூலையைப் பிரித்து இரண்டு தையல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துங்கள். அங்கே ஒரு முக்கோணம் கிடைக்கும். அதன் குறுக்கே, பொருளின் கனம் எவ்வளவோ அவ்வளவு நீளத்துக்கு ஒரு கோடு தையுங்கள். இரண்டு அங்குலக் கனத்துக்கு இரண்டு அங்குலக் கோடு. மிச்ச முக்கோணத்தை வெட்டிவிடலாம்.

இன்னொன்று. பருத்தித் துணியை நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். முதல் நனைப்பில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை அது சுருங்கக்கூடும். ஜிப்பின் பட்டையோ பாலியெஸ்டர், அது சுருங்குவதில்லை. நனைக்காத துணியில் ஜிப் வைத்துத் தைத்துவிட்டு ஒரு முறை துவைத்துப் பாருங்கள், ஜிப் வளைந்து நெளிந்து நிற்கும். அதற்குப் பிறகு பிரித்துத் தைப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

சோழவந்தான்: பயணப் பைகளுக்கு எந்தத் துணி நல்லது?

பதில்: எதை வைக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மடித்த உடைகளைப் பிரித்து வைக்கும் பைகளுக்குப் பாப்ளின் என்னும் மெல்லிய பருத்தித் துணி போதும். செருப்புக்கும் ஈரத்துக்கும் குடைத்துணி அல்லது பாராசூட் துணி. தோளில் தொங்கி எடை சுமக்கும் பைக்கு மட்டும் கேன்வாஸ். மதுரையில் விளக்குத்தூண் பக்கத்துத் துணிக்கடைகளில் துண்டுத் துணியாகக் கேட்டால் மூன்றும் கிடைக்கும். ஜிப், நாடா முதலான தையல் சாமான்களுக்குப் புதுமண்டபத்தைத் தேடிச் செல்ல வேண்டாம். அங்கிருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. பாப்ளின் வாங்கினால் நனைத்துவிட்டு வெட்டுங்கள்.

மேலூர்: அம்மா, அடுத்த மாதம் குடும்பத்துடன் ராமேஸ்வரம் செல்கிறோம். தீர்த்தமாடிய பிறகு ஈரத் துணிகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு வருவதே வழக்கம். அதற்குப் பதிலாக ஒரு பை தைத்துக்கொள்ள முடியுமா?

பதில்: கட்டாயம் முடியும், தைத்துக்கொள்ளவும் வேண்டும். அக்னி தீர்த்தத்தில் கடல் நீர், அதன் பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள் என்று நனைந்து வெளியே வரும்போது ஒவ்வொருவரிடமும் சொட்டச் சொட்ட ஓர் உடை இருக்கும். மதுரைக்குத் திரும்பும் நான்கு மணி நேரமும் அது மற்ற உடைகளை நனைக்காமல் இருந்தால் போதும். ஆகவே தண்ணீரைச் சேமித்து வைக்கும் பை உங்களுக்குத் தேவையில்லை, சொட்டு வெளியேறாத பைதான் தேவை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் வேலை எளிதாகிவிடும்.

உள்பூச்சு உள்ள குடைத்துணியை எடுங்கள். கடையிலேயே துணியைக் குழியாகப் பிடித்துக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சிறிது நேரம் பாருங்கள். அடியில் ஈரம் கசிந்தால் வேண்டாம். பூச்சுள்ள பக்கம் பையின் உள்ளே வர வேண்டும். அடியில் தையலே வரக்கூடாது என்பது மிக முக்கியம். துணி நீர் புகாததாக இருந்தாலும் ஊசி குத்திய ஒவ்வொரு துளையும் ஒரு வாசல். நீர் தேங்குவது அடியில்தான். எனவே ஒரே நீளத் துணியை நடுவில் மடித்து, மடிப்பை அடியாக வைத்து, இரு பக்கங்களை மட்டும் தையுங்கள். மற்ற துணிகளைப் போலக் குண்டூசி குத்தி வைக்காதீர்கள், பூச்சில் விழுந்த துளை மூடாது. துணி காயப்போடும் கிளிப்புகளே போதும்.

வாய்க்கு ஜிப் வேண்டாம். உலோக ஜிப்பைக் கடலுப்பு அரித்துவிடும். நைலான் ஜிப்பின் பல்வழியே நீர் கசியும். வாயை எட்டு அங்குலம் உயரமாக விட்டு, மூன்று முறை சுருட்டி மடித்து, இரு முனைகளையும் ஒரு பிளாஸ்டிக் கிளிப் கொக்கியில் மாட்டிவிடுங்கள். தலைகீழாகப் பிடித்தாலும் எளிதில் சொட்டாது. துணியை நன்றாகப் பிழிந்த பிறகே வையுங்கள், வீடு வந்ததும் முதல் வேலையாக வெளியே எடுங்கள். மூடிய பையில் மறுநாள் வரை கிடந்த பருத்தித் துணியில் கரும்புள்ளி விழும்.

கே.கே. நகர்: அக்கா, சிங்கப்பூரில் வேலைக்குச் செல்கிறேன். பவர் பேங்க், சார்ஜர், ஒயர் எல்லாவற்றையும் ஒரே பையில் வைக்கும்படி அம்மா தைத்துத் தருகிறார். அதைப் பெரிய பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிடலாமா?

பதில்: கூடாது, தம்பி. பவர் பேங்க்கைக் கையோடு எடுத்துச் செல்லும் பையில் மட்டுமே வைக்க வேண்டும். சரக்காக ஏற்றும் பெட்டியில் வைக்க அனுமதி இல்லை. ஆகவே அம்மாவிடம் இரண்டு பைகளாகத் தைக்கச் சொல்லுங்கள். பவர் பேங்க் பையில் ஒரு பக்கம் வலைத்துணி வைத்தால், அதன் மேல் அச்சிட்டுள்ள கொள்திறனைச் சோதனையிடுபவர் வெளியே எடுக்காமலே படிக்கலாம். 100 வாட் அவர் வரை தனி அனுமதி தேவையில்லை, 20,000 எம்.ஏ.எச். என்று எழுதியிருந்தால் அது 74 வாட் அவர்தான். ஒயர்களுக்குப் பை தேவையே இல்லை. அரை அங்குல எலாஸ்டிக்கை ஒரு பட்டியின் மேல் இரண்டிரண்டு அங்குல இடைவெளியில் குறுக்கே தைத்துச் சிறு வளையங்களாக்கினால், ஒயரை மடித்துச் செருகிப் பட்டியைச் சுருட்டிக்கொள்ளலாம்.

பரவை: ஷாம்பு, எண்ணெய் வைப்பதற்கு உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ஷீட்டில் தைத்தால் தையலோடு கிழிந்துவிடுகிறது.

பதில்: தையல் மிகவும் நெருக்கமாக இருக்கிறது. சிறு தையல் போடப்போட பிளாஸ்டிக்கில் துளைகள் நெருங்கிக் கிழிகோடாகிவிடும். தையல் நீளத்தை நான்கு மில்லிமீட்டருக்கு வையுங்கள். துணியை அழுத்திப் பிடிக்கும் இயந்திரப் பாதத்தில் பிளாஸ்டிக் ஒட்டி நகராமல் நின்றால் மேலே மெல்லிய தாளை வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடுங்கள். வெளிநாட்டு விமானத்தில் கையோடு கொண்டுசெல்வதென்றால் ஒவ்வொரு குப்பியும் 100 மில்லிக்கு உட்பட்டிருக்க வேண்டும், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளும் ஒரே பையில் அடங்க வேண்டும். பெரிதாகத் தைப்பதில் பயனில்லை.

அண்ணா நகர்: உங்கள் மாதிரிப் பைகளில் லைனிங் இல்லாததைப் பார்த்தேன். லைனிங் இல்லாத பை, பிரித்துப் போட்ட துணி போலத் தெரியாதா? கடையில் விற்கும் எந்தப் பையிலும் லைனிங் இருக்கிறதே.

பதில்: பயணப் பையில் நான் லைனிங் போடுவதில்லை, காரணத்தை எடைக்கணக்கோடு சொல்கிறேன். 12 அங்குல அகலம், 10 அங்குல உயரம், 4 அங்குலக் கனம் உள்ள உடைப் பைக்கு 17 அங்குலத்துக்கு 15 அங்குலமாக இரண்டு துண்டுகள் வேண்டும். அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 120 கிராம் உள்ள பாப்ளினில் இது 40 கிராம். லைனிங் போட்டால் 80. இப்படி ஆறு பைகள் வைத்துக்கொண்டால் லைனிங் மட்டும் 240 கிராம், கிட்டத்தட்டக் கால் கிலோ. உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்குப் பொதுவாக ஏழு கிலோதான் தருகிறார்கள். அதில் கால் கிலோவை யாரும் பார்க்காத துணிக்குக் கொடுத்துவிட்டு மாற்றுச் சட்டையை வீட்டில் வைத்துவிட்டுப் போவது எனக்குச் சம்மதமில்லை.

உசிலம்பட்டி: எடைக்கணக்கு சரிதான். ஆனால் லைனிங் இல்லாத பையில் ஓரத்து நூல் பிரிந்து ஜிப்பின் ரன்னரில் சிக்கிக்கொள்கிறது. பயணத்தின் நடுவில் ஜிப் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? அண்ணா நகர் சகோதரி சொல்வதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

பதில்: நூல் சிக்குவது உண்மை, ஆனால் அதற்கு மருந்து லைனிங் அல்ல, ஓரத்தை மூடுவது. அதற்கென்றே பிரெஞ்சுத் தையல் இருக்கிறது. உள்பக்கங்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்க வைத்துக் கால் அங்குலத்தில் முதல் தையல். ஓரத்தைப் பாதியாகக் கத்தரித்துவிட்டுத் துணியைத் திருப்பி, நல்ல பக்கங்கள் உள்ளே வர மடித்து நகத்தால் தேய்த்து, மறுபடியும் கால் அங்குலத்தில் இரண்டாம் தையல். வெட்டிய ஓரம் இரண்டு தையல்களுக்கும் நடுவில் அடைபட்டுவிடும். ஒரு நூல்கூட வெளியே வராது. அரை அங்குல இடம் விடச் சொன்னது இதற்காகத்தான். ஜிப்பின் இரு முனைகளிலும் துணித்துண்டு ஒன்றை மடித்துத் தைத்தால் அங்கும் ஓரம் தெரியாது.

செல்லூர்: அம்மா, நான் தையலைத் தொழிலாகச் செய்பவன். பிரெஞ்சுத் தையல் போட்ட பையைக் காட்டினால் வாடிக்கையாளர் உள்ளே திருப்பிப் பார்த்துவிட்டு, “லைனிங் இல்லையா?” என்று கேட்டு விலையைக் குறைக்கிறார். நேரமும் கூடுதலாகிறது. லைனிங் வைத்து ஒரே சுற்றில் திருப்பிவிடுவதுதான் எங்களுக்குக் கட்டுப்படியாகும்.

பதில்: ஐயா, விற்பனைக்குத் தைப்பவர் வாங்குபவரின் எதிர்பார்ப்பைக் கவனிக்கத்தான் வேண்டும், உங்கள் நியாயத்தை மறுக்கவில்லை. நான் எழுதுவது தமக்காகத் தாமே தைப்பவர்களுக்கு. ஆனாலும் ஒன்று சொல்வேன்: அந்த வாடிக்கையாளர் கையில் இரண்டு பைகளையும் கொடுத்துத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு இரண்டையும் நனைத்துக் கொடியில் போட்டுக் காட்டுங்கள். லைனிங் உள்ள பையில் மேல்துணி காய்ந்த பிறகும் அடிமூலையில் ஈரம் நிற்கும். விடுதியறையில் இரவில் துவைத்துக் காலையில் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியவருக்கு இது சிறிய விஷயமன்று.

அண்ணா நகர்: அப்படியானால் லைனிங்குக்கு இடமே இல்லை என்கிறீர்களா? மூக்குக் கண்ணாடிக்குமா?

பதில்: கண்ணாடிக்கு வேண்டும். கீறல் விழக்கூடிய பொருளுக்கு மென்மையான உள்துணி அதன் வேலையைச் செய்கிறது. சாவி, சில்லறை போன்ற கூர்மையுள்ள பொருள்களுக்கு அடியில் மட்டும் ஓர் ஒட்டுத்துணி. ஒவ்வொரு அடுக்கும் ஏன் இருக்கிறது என்ற கேள்விக்கு விடை சொல்ல முடிந்தால் தாராளமாக வையுங்கள்.

வாடிப்பட்டி: லைனிங் போட்டால் நல்லதா, போடாவிட்டால் நல்லதா?

பதில்: மேலே நான்கு பதில்கள் இதைப் பற்றியே எழுதியிருக்கிறேன். படித்துவிட்டு மீதமுள்ள ஐயத்தைக் கேளுங்கள்.

அருப்புக்கோட்டை: பையில் நாடா வைத்துத் தைக்கும் இடத்தில் ஊசி உடைந்துகொண்டே இருக்கிறது.

பதில்: 14ஆம் எண் ஊசியை எடுத்துவிட்டு 18 போடுங்கள். அடுக்கு மிகவும் தடிப்பான இடத்தில் மோட்டாரை நம்பாமல் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

ஒத்தக்கடை: எந்தத் துணி வாங்குவது?

பதில்: சோழவந்தான் கேள்விக்கான பதிலைப் பாருங்கள். பருத்தி வாங்கினால் நனைத்துவிட்டு வெட்டுங்கள்.

அலங்காநல்லூர்: தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறோம். பணமும் போனும் வைக்க இடுப்புப் பை தைக்க வேண்டும். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: நூறு கிலோமீட்டருக்கு மேல் நடக்கும் உடம்பில் உரசும் ஒவ்வொரு தையலும் புண்ணாகும். ஆகவே உடம்பைத் தொடும் பின்துண்டு ஒரே பருத்தித் துண்டாக இருக்க வேண்டும். மடிப்பும் பைப்பிங்கும் எல்லாம் வெளிப்பக்கம் வரட்டும். பெல்ட்டின் அகலம் ஒன்றரை அங்குலத்துக்குக் குறையக்கூடாது, மெல்லிய நாடா இடுப்பை அறுக்கும். பெல்ட் பையுடன் சேரும் இடத்தில் ஒரே ஒரு கோட்டோடு விட்டுவிடாதீர்கள். ஓர் அங்குலச் சதுரமாகத் தைத்து, அதன் நடுவே மூலைக்கு மூலை இரண்டு கோடுகள் போடுங்கள். இழுவிசை நான்கு பக்கமும் பகிர்ந்துவிடும். நைலான் பெல்ட்டின் வெட்டிய முனையை ஊதுபத்தி நெருப்பில் காட்டி உருக்கிக்கொண்டால் பிரியாது. வியர்வை துணியைத் தாண்டி உள்ளே வரும் என்பதால் பணத்தைச் சிறு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். ஜிப் 5ஆம் எண் நைலான் ஜிப்பாக இருக்கட்டும். ஓரங்களை மூடித் தைப்பதற்கு முன் அதைப் பாதி திறந்து வைக்க மறந்துவிடாதீர்கள், இல்லையென்றால் பையை நல்ல பக்கம் திருப்ப வழியிருக்காது.

பழங்காநத்தம்: தள்ளுபெட்டியின் சக்கரம் உடைந்துவிட்டது.

பதில்: பெட்டி பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டு செல்லுங்கள். இங்கே தையல் மட்டும்.

விளாங்குடி: அக்கா, அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை ஒன்று இருக்கிறது. மகள் கல்லூரி விடுதிக்குப் போகிறாள். அந்தச் சேலையில் அவளுக்கு உடைப் பைகள் தைத்துக் கொடுக்க ஆசை. பழைய துணி தாங்குமா?

பதில்: தாங்கும், சரியான இடத்திலிருந்து வெட்டினால். சேலையை விரித்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உட்கார்ந்து எழுந்து தேய்ந்த பகுதியில் இழைகள் விலகி வெளிச்சம் ஊடுருவும். அந்தப் பகுதியைத் தொடாதீர்கள். பெரும்பாலும் முந்தானைப் பக்கமும், கொசுவத்துக்குள் அடங்கியிருந்த மடிப்புகளும் கெட்டியாக இருக்கும். கரையைப் பையின் வாய்ப்பக்கம் வரும்படி வெட்டினால், நெசவின் கெட்டி ஓரமே ஜிப்பைத் தாங்கிக்கொள்ளும். பல முறை துவைத்த சேலை என்பதால் இனிச் சுருங்காது. ஆனால் சாயத்தைச் சோதிக்க வேண்டும். வெள்ளைத் துணியை நனைத்துச் சேலையின் மேல் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஏறினால், தண்ணீர் தெளிந்து வரும் வரை தனியாக அலசிய பிறகு தையுங்கள், இல்லையென்றால் மகளின் வெள்ளைச் சட்டையில் அந்தச் சாயம் இறங்கும். மெல்லிய துணி ஆகையால் 11ஆம் எண் ஊசியும் 3ஆம் எண் ஜிப்பும் போதும். ஓரம் பிரெஞ்சுத் தையல். லைனிங் வேண்டாம்.